தாமிர தாலோசயனின்

தாமிர அணு ஒன்றை நான்கு நைட்ரஜன் அணுக்கள் நடுவில் பிடித்திருக்க, தட்டையாக விரியும் மூலக்கூறு; நீல நிறமி, குறைகடத்தி. உத்திரமேரூர்க் கடைத்தெருவில் தொங்கும் நீல பிளாஸ்டிக் குடங்களுக்கு நிறம் தருவது பெரும்பாலும் இதுதான். வெயிலில் கிடந்து பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கிய பிறகும் நீலம் எளிதில் மங்குவதில்லை. ஒளியோடு வேலை செய்யும் மின்னணுப் பொருளுக்கு முதல் தகுதி இந்த உறுதியே. 600 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள சிவப்பு ஒளியை இது வலுவாக உறிஞ்சுகிறது. அந்த ஆற்றல், எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற இடமான துளையும் பிணைந்த எக்சிட்டானாக மூலக்கூறு விட்டு மூலக்கூறு தாவுகிறது. சுமார் 10 நானோமீட்டருக்குள் வேறொரு பொருளின் விளிம்பை எட்டினால் இணை பிரிந்து மின்னோட்டமாகும். இல்லையேல் பெரும்பாலும் வெப்பமாகிப்போகும். 1986இல் கோடாக் ஆய்வாளர் சிங் டாங், இதன் படலத்தைப் பெரிலீன் வகைப் படலத்தோடு சேர்த்து சூரிய மின்கலத்தில் ஏறத்தாழ 1 சதவீதத் திறன் பெற்றது அந்த விளிம்பால்தான்.

வயலில் பம்புசெட்டை ஓட்டும் சிலிக்கான் பலகைகள் சுமார் 20 சதவீதம் தரும்போது இது எதற்கு என்று கேட்பது நியாயம். கூரைப் பலகையாக இது சிலிக்கானை வெல்லாது. தாமிரத்தின் இணைசேராத ஒற்றை எலக்ட்ரான் கிளர்வுநிலையை நொடியின் நுண்பகுதிக்குள் மாற்றிவிடுவதால், இது நன்றாக ஒளிர்வதும் இல்லை. ஆனால் அதே எலக்ட்ரானின் தற்சுழற்சி, கடுங்குளிரில், மெல்லிய படலத்திலும் குவாண்டம் தகவலைத் தாங்குமளவு நீடிக்கிறது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. குறையாகத் தெரிந்ததே இங்கே பயன். மேலும், வெற்றிடத்தில் சூடாக்கினால் சிதையாமல் ஆவியாகிச் சீரான படலமாகப் படிவதால், ஒளியுணரிகளிலும் ஆர்கானிக் எல்இடிகளில் துளைகளைச் செலுத்தும் அடுக்கிலும் இது பயன்பட்டுள்ளது.