தீவு புகுந்த மந்திகள்

போர்ட்டோ ரிக்கோவின் தென்கிழக்குக் கரையை அடுத்துக் கயோ சாந்தியாகோ என்னும் சிறு தீவு உளது. 1938ஆம் ஆண்டில் கார்ப்பென்ட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இந்தியாவில் செம்முகக் குரங்குகளைத் திரட்டிக் கப்பலேற்றி, அவற்றுள் 409ஐ அத்தீவில் விடுவித்தார். தன்னியல்பில் உலவும் குரங்குகளின் கூட்டு வாழ்வை ஆராய்தலே அவர் கருத்து. நோக்கம் உயர்ந்தது, வழியோ கொடிது. கடற்பயணத்தில் உணவு சுருங்கவே, மந்திகள் தாம் ஈன்ற குட்டிகளையே உணவருகில் அண்டவிடாது துரத்தின. குடும்பப் பிணைப்பை அறியப் புறப்பட்ட ஆய்வு, தொடக்கத்திலேயே அப்பிணைப்பைச் சிதைத்தது.

குரங்கைக் கையாள்வோர்க்கும் இடர் உண்டு. 1932இல் நியூயார்க்கில், நலமுள்ளதாய்த் தோன்றிய ஆய்வுக்கூடக் குரங்கொன்று கடித்தமையால் இளம் மருத்துவர் ஒருவர் உயிர் நீத்தார். அவருடலிற் கண்ட நச்சுயிரி ‘பி’ எனப் பெயர் பெற்றது.

1956இல் அத்தீவை அடைந்த ஆல்ட்மன், குரங்குகளைப் பிடித்து, அடையாளம் பச்சைகுத்தி, மீண்டும் அங்கேயே விடுவித்தார். பின்னாளில், உணவிடும் வேலியடைப்புக்குள் ஆண்டுதோறும் இளங்குட்டிகளைப் பிடித்து, மயக்கமருந்து அளித்து, எண்ணிட்டுத் தத்தம் கூட்டத்திற்கே திருப்பி அனுப்புதல் வழக்கமாயிற்று. மயங்கிய விலங்கு அஞ்சி அலறுவதுமில்லை, கடிப்பதுமில்லை. ஆதலின், விலங்கிற்கு இரங்குதலும் மனிதனைக் காத்தலும் ஈரறமல்ல, ஓரறமே.