ஒயிட்ஹால் - எரிந்துபோன அரண்மனையின் பெயரில் ஒரு தெரு

தமிழ்நாட்டில் "கோட்டையைப் பிடிப்பது யார்?" என்று கேட்டால் யாரும் மதில்சுவரையும் பீரங்கியையும் நினைப்பதில்லை. ஆட்சியைப் பற்றிய பேச்சு என்று எல்லோருக்கும் புரியும். அதே போல பிரிட்டனில் "ஒயிட்ஹால்" என்றால் அரசாங்கம் என்று பொருள். லண்டனின் டிரபால்கர் சதுக்கத்திலிருந்து நாடாளுமன்றத்தை நோக்கிச் செல்லும் ஒரு தெருவின் பெயர் அது. நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் உலகின் கால்வாசி நிலப்பரப்பு ஒரு காலத்தில் இந்தத் தெருவிலிருந்துதான் ஆளப்பட்டது!

பெயர் வந்த கதை

இங்கே முதலில் இருந்தது யார்க் நகரப் பேராயர்களின் லண்டன் மாளிகை. அதைப் பெரிதாக்கி ஆடம்பரமாக வாழ்ந்தவர் கர்தினால் ஊல்சி. 1529ஆம் ஆண்டு அவர் மன்னர் எட்டாம் ஹென்றியின் கோபத்துக்கு ஆளாகிப் பதவியை இழந்தார். மாளிகை மன்னரின் கைக்குப் போனது. அதுவே ஒயிட்ஹால் அரண்மனை ஆயிற்று. 1533இல் ஹென்றி ஆன் பொலினை மணந்ததும், 1547இல் உயிர் விட்டதும் இங்கேதான்.

பிற்காலத்தில் 1,500க்கும் அதிகமான அறைகளுடன் ஐரோப்பாவின் மிகப்பெரிய அரண்மனைகளில் ஒன்றாக இது வளர்ந்தது. 1698 ஜனவரியில் பெரும் தீ விபத்து ஏற்பட்டது. ஒரு பணிப்பெண் கரி அடுப்பின் அருகே துணி உலர்த்தியபோது தீப்பிடித்தது என்று சொல்லப்படுகிறது. அரண்மனையின் பெரும்பகுதி சாம்பலானது. மன்னர்கள் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அரண்மனை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மன்னர் நடந்த கடைசி மண்டபம்

அந்தத் தீயில் தப்பிய முக்கியமான கட்டடம் விருந்து மண்டபம் (பாங்க்வெட்டிங் ஹவுஸ்). இனிகோ ஜோன்ஸ் வடிவமைத்து 1622இல் கட்டி முடிக்கப்பட்டது. இதன் உட்கூரையில் ஓவியர் ரூபன்ஸ் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. தன் தந்தை முதலாம் ஜேம்ஸ் விண்ணுலகம் ஏகுவது போல வரையச் செய்தவர் மன்னர் முதலாம் சார்லஸ். மன்னனின் அதிகாரம் கடவுள் தந்தது, அதை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பதே அந்த ஓவியங்கள் சொல்லும் செய்தி.

நாடாளுமன்றம் கேள்வி கேட்டது. உள்நாட்டுப் போர் மூண்டது. சார்லஸ் தோற்றார். 1649 ஜனவரி 30 அன்று அதே ஓவியங்களுக்குக் கீழே அவரை நடத்திக் கூட்டிச் சென்றார்கள். மண்டபத்துக்கு வெளியே தெருவில் மேடை தயாராக இருந்தது. குளிரில் உடல் நடுங்கினால் பயம் என்று மக்கள் நினைப்பார்களே என்று அவர் இரண்டு சட்டை அணிந்து வந்தாராம். ஒரே வெட்டில் தலை துண்டானது. வெட்டியவர் முகமூடி அணிந்திருந்ததால் அவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

டவுனிங் தெரு

ஒயிட்ஹாலிலிருந்து பிரியும் சின்னஞ்சிறு சந்துதான் டவுனிங் தெரு. இதை 1680களில் கட்டிய ஜார்ஜ் டவுனிங், முதலில் கிராம்வெல்லிடம் பணியாற்றியவர். மன்னராட்சி திரும்பியதும் இரண்டாம் சார்லஸ் பக்கம் தாவினார். மன்னரைக் கொன்ற வழக்கில் தேடப்பட்ட தன் பழைய கூட்டாளிகள் மூவரை ஹாலந்தில் பிடித்துக் கொடுத்தவரும் இவரே. கட்சி மாறுவது நம் ஊரில் மட்டும் பிறந்த கலை அல்ல!

1735இல் ராபர்ட் வால்போல் 10ஆம் எண் வீட்டில் குடியேறினார். தனக்குச் சொந்தமாக வேண்டாம், கருவூலத்தின் முதல் பிரபு என்ற பதவிக்குரிய வீடாக இருக்கட்டும் என்ற நிபந்தனையோடுதான் அதை ஏற்றார். இன்றும் அந்தக் கதவின் தபால் துளையில் பிரதமர் என்று இருக்காது, அந்தப் பழைய பதவியின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். முன்பெல்லாம் பொதுமக்கள் வாசல் வரை போய் வந்தார்கள். 1989இல் தெருமுனையில் இரும்புக் கதவுகள் போடப்பட்டன. 1991 பிப்ரவரியில் ஐ.ஆர்.ஏ. அமைப்பினர் ஒயிட்ஹாலில் நிறுத்திய வேனிலிருந்து பிரதமர் இல்லத்தை நோக்கிக் குண்டுகளை ஏவினர்.

இந்தியா அலுவலகம்

நமக்கு நெருங்கிய பகுதி இனிமேல்தான். 1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்ததும் இந்தியாவை நிர்வகிக்க ஓர் அமைச்சரும் அவருக்கு ஒரு அலுவலகமும் உருவாக்கப்பட்டன. டவுனிங் தெருவை ஒட்டிய பெரிய கட்டடத் தொகுதியில் 1867இல் அதற்கு இடம் கிடைத்தது. அதன் நடுமுற்றத்துக்கு தர்பார் முற்றம் என்று பெயர்.

அதே 1867இல் லண்டன் வந்த துருக்கி சுல்தானுக்கு அங்கே பிரமாண்டமான விருந்தும் நடனமும் நடந்தன. பில் யாருக்குத் தெரியுமா? இந்தியாவுக்கு! அலுவலகத்தின் செலவும் அமைச்சரின் சம்பளமும்கூட 1919ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்தியர்களின் வரிப்பணத்திலிருந்தே போயின. தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தபோது, இந்திய ஆட்சிக்கு மேலதிகாரியாக இருந்தது இந்த அலுவலகமே. 1947இல் அது மூடப்பட்டது. இன்று அந்த முற்றம் பிரிட்டன் வெளியுறவுத் துறையிடம் உள்ளது.

காலிக் கல்லறை

தெருவின் நடுவில் நிற்கும் வெள்ளைக் கல் தூண்தான் செனடாஃப். கிரேக்க மொழியில் 'காலிக் கல்லறை' என்று பொருள். 1919 ஜூலையில் வெற்றி அணிவகுப்புக்காக மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாக எழுப்பப்பட்டது. உடல்கூடக் கிடைக்காத பிள்ளைகளின் தாய்மார்கள் அங்கே மலர்களைக் குவித்தனர். மக்களின் வேண்டுகோளால் 1920 நவம்பர் 11 அன்று கல்லில் நிலையாகத் திறக்கப்பட்டது. அந்தப் போரில் கடல் கடந்து சென்ற இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் பல மதத்தினர் என்பதால் இதில் எந்த மதச் சின்னமும் இல்லை. வடிவமைத்தவர் லட்யன்ஸ், டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்த அதே மனிதர்.

இன்று

1906இல் கட்டப்பட்ட பழைய போர் அலுவலகம் 2023இல் சொகுசு ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. அதை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தவர்கள் இந்திய வம்சாவளியினரான இந்துஜா குடும்பத்தினர்.

ஒயிட்ஹாலின் வடக்கு முனையில் முதலாம் சார்லஸின் வெண்கலச் சிலை குதிரை மீது அமர்ந்திருக்கிறது. அவர் தோற்றபின் உருக்கச் சொல்லி விற்கப்பட்ட சிலை அது. வாங்கிய உலோக வியாபாரி உருக்காமல் மறைத்து வைத்தார். மன்னராட்சி திரும்பிய பிறகு 1675இல் இங்கே நிறுவப்பட்டது. தன் தலை விழுந்த இடத்தைப் பார்த்தபடியே அவர் அமர்ந்திருக்கிறார். பேராயர், மன்னர், அமைச்சர் என்று அதிகாரம் இந்தத் தெருவில் கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இது எனக்கு நிரந்தரம் என்று நினைத்த யாருக்கும் அது நிரந்தரமாக இருக்கவில்லை.