வெள்ளத்தில் நனைந்த கம்பளத்தை உலர்த்துவது எப்படி? காற்றூதி வகைகள்: ஓர் ஒப்பீடு

புது தில்லி: மழைவெள்ளம் வடிந்த வீடுகளில் அறை முழுவதும் விரிக்கப்பட்ட கம்பளத்தை உலர்த்துவது பெரும் சவாலாகும். கடந்த 2014 செப்டம்பரில் ஜீலம் நதி பெருக்கெடுத்து ஸ்ரீநகரை மூழ்கடித்தபோது, தரையெங்கும் கம்பளம் விரிக்கும் வழக்கமுடைய அந்நகர மக்கள் இந்தச் சிக்கலை எதிர்கொண்டனர்.

நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்று அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தெரிவிக்கிறது. இதற்கெனவே 'ஏர் மூவர்' எனப்படும் காற்றூதிகள் விற்பனைக்கும் வாடகைக்கும் கிடைக்கின்றன.

மின்விசிறி போதாதா?

வீட்டில் உள்ள 1,200 மி.மீ. மின்விசிறி நிமிடத்துக்கு 200 கன மீட்டருக்கும் அதிகமான காற்றைத் தள்ளுகிறது. அரைக் குதிரைத்திறன் காற்றூதி தள்ளுவது பொதுவாக இதைவிடக் குறைவு. ஆனால், மின்விசிறியின் காற்று அறை முழுவதும் பரவிவிடுகிறது. காற்றூதியோ தரையை ஒட்டி வேகமாக வீசி, கம்பளத்தின் மேல் தங்கியுள்ள ஈரக்காற்றை இடைவிடாமல் அகற்றுகிறது. எனவே, விளம்பரங்களில் குறிப்பிடப்படும் காற்றின் அளவை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்வு செய்வது சரியாகாது.

எந்த வகை எதற்கு?

மையவிலக்கு வகை: நத்தை ஓடு போன்ற வடிவம் கொண்டது. குறுகிய வாய் வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும். கம்பளத்தின் ஓர் ஓரத்தைத் தூக்கி, அடியில் காற்றைச் செலுத்தி, அடிவிரிப்பையும் தரையையும் உலர்த்த இதுவே ஏற்றது.

அச்சு வகை: உருளைக் கூட்டுக்குள் விசிறி அமைந்தது. குறைந்த மின்சாரத்தில் அதிகக் காற்றைத் தரும். விசாலமான கூடங்களுக்குப் பொருந்தும். எனினும், கம்பளத்தின் அடியில் காற்றைச் செலுத்தும் அழுத்தம் இதற்கு இல்லை.

தாழ்வான வகை: எடையும் உயரமும் குறைவு. கட்டிலுக்கு அடியிலும் குறுகிய இடங்களிலும் வைக்கலாம்.

ஈரம் எங்கே செல்லும்?

காற்றூதி ஈரத்தை அழிப்பதில்லை. கம்பளத்தில் இருந்து அறைக் காற்றுக்கு மாற்றுகிறது. மும்பை போன்ற கடலோர நகரங்களில் மழைக்காலத்தில் வெளிக்காற்றிலும் ஈரப்பதம் மிகுதி என்பதால், ஜன்னலைத் திறப்பதால் அதிகப் பயன் இராது. கதவு, ஜன்னல்களை மூடி, ஈரப்பதம் நீக்கும் கருவியையும் சேர்த்து இயக்க வேண்டும். காற்று வறண்டிருக்கும் இடங்களில் ஜன்னலைத் திறந்து வைப்பதே போதுமானது.

கவனிக்க வேண்டியவை

* காற்றூதியை இயக்கும் முன் தண்ணீரை உறிஞ்சும் வேக்குவம் கிளீனரால் இயன்றவரை நீரை எடுத்துவிட வேண்டும். தேங்கிய நீரைக் காற்றால் உலர்த்த முயல்வது நேரத்தையும் மின்சாரத்தையும் வீணாக்கும்.

* கையால் முடிச்சிட்ட காஷ்மீர் கம்பளங்களில் கம்பளி உலர்ந்தாலும், அடியில் உள்ள பருத்தி நூல் ஈரமாகவே இருந்து இற்றுப்போகக்கூடும். அவற்றைத் தரையில் இருந்து உயர்த்தி, சமமாகப் பரப்பி, இருபுறமும் காற்றுப்படச் செய்ய வேண்டும். சாயம் கலையலாம் என்பதால் சூடான காற்றைத் தவிர்ப்பது நல்லது.

* கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் நனைந்த அடிவிரிப்பையும் அறைக் கம்பளத்தையும் அப்புறப்படுத்துவதே பாதுகாப்பானது. அவற்றின் மீது காற்றைச் செலுத்தினால் கிருமிகள் வீடெங்கும் பரவும்.

* தண்ணீர் புகுந்த வீட்டில் மின்பணியாளர் சோதித்த பின்னரே மின் இணைப்பைப் பயன்படுத்த வேண்டும். ஒரே சாக்கெட்டில் பல காற்றூதிகளை இணைக்கக்கூடாது.