ஒரு வாரக் கிரயம்

எறையூர்ப் பக்கம் வீட்டை உடனே விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் யாரும் முதலில் சுண்ணாம்பு வாங்கப் போவதில்லை. பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத்தான் இறக்குகிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறதோ அதுதான் விலை. ஓடு புதிதா, தளம் சிமெண்டா, கொல்லையில் கிணறு உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் பத்திரம் எழுதுகிறவள். அப்பாவுக்கும் இதே தொழில். “அக்கா, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கிரயம் முடிஞ்சாகணும்” என்று வருகிறவர்களின் காரணம் எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கும், மகள் கல்யாணமாக இருக்கும், வளைகுடாவுக்குப் போக ஏஜெண்டிடம் கட்ட வேண்டிய பணமாக இருக்கும். அவர்கள் கொண்டுவரும் காகிதங்களைப் பிரிக்கும்போது இந்த வட்டாரத்தின் நூற்றைம்பது வருடச் சரித்திரம் மேசை மேல் வந்து விழுகிறது.

ஊர் நடுவில் இருக்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை நத்தத்தில் நிற்பவை. வெள்ளைக்காரன் காலத்து ரயத்துவாரி முறையில் வயலுக்குச் சர்வே எண் உண்டு, தீர்வை உண்டு, பட்டா உண்டு. குடியிருக்கும் நத்தத்துக்குத் தீர்வை கிடையாது. தீர்வை இல்லாததால் பட்டாவும் இல்லை. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருப்பார்கள். அது தங்களுடையது என்று காட்ட ஊராட்சி வீட்டு வரி ரசீதும் அக்கம்பக்கத்தார் வாய்ச்சொல்லும்தான் இருக்கும். வாழ்வதற்கு அது போதும். விற்பதற்குப் போதாது.

எண் இல்லாத வீட்டுக்கு அடையாளம் நாலு பக்கமும் இருந்தவர்களின் பெயர். அப்பா வைத்திருந்த பழைய நகல்களில் ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா’ என்றுதான் தலைப்பு இருக்கும். 1995 நவம்பர் 1 அன்று பெரம்பலூர் தனி மாவட்டமாகும் வரை நாங்கள் திருச்சிக்காரர்கள். கீழே செக்குபந்தி விவரம்: இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் கொல்லைக்குத் தெற்கு, தெருவுக்கு வடக்கு. அந்த இன்னார் செத்து, அவர் பிள்ளைகள் பாகம் பிரித்து, ஒரு பாகம் கைமாறிய பிறகு, எல்லை எங்கே என்று கேட்டால் தெருவே கூடி நின்று பேசும். வாங்க வந்தவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததுமே விலையைக் குறைத்துவிடுவார்.

எல்லையைப் பற்றிய இந்தப் பயம் புதிதல்ல. சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளில் நாலு எல்லையும் ஒவ்வொன்றாகச் சொல்லப்படும். இதுவே விலை ஆவணம், பணம் முழுதும் கைக்கு வந்ததற்கும் இதுவே சாட்சி, வேறு ஓலை காட்டச் சொல்லக் கூடாது என்று அழுத்தி எழுதியிருப்பார்கள். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரரின் வழக்கு தீர்ந்ததும் கிழிபட்ட படியோலையால் அல்ல, அவரைத் தன் அடிமை என்று வழக்காடிய கிழவர் பத்திரமாக வைத்திருந்த மூல ஓலையால். பெரியபுராணத்தின் அந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் தொழில்காரியாக எனக்கு மெய்சிலிர்க்கும்.

அரசாங்கப் பதிவு வந்தது 1860களில். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவுப் பத்திரத்தால்தான் விற்க முடியும் என்றது. நூறுக்குக் குறைந்ததை அனுபவத்தில் ஒப்படைத்தாலே விற்பனை செல்லும். கூரை வீடுகள் சொற்ப விலைக்குக் கைமாறிய காலம் அது. அப்போது வாங்கியவரின் பேரன் இன்று விற்க வந்தால், பதிவாகாத ஒரு காகிதம் மட்டும் பெட்டியில் இருக்கிறது, அல்லது அதுவும் இல்லை.

அவசரப் பணத்துக்கு எங்கள் தாத்தாக்கள் எடுத்த எடுப்பில் வீட்டை விற்றதில்லை. ஒத்திக்கு வைப்பார்கள். அதற்கும் தொகை பெயராவிட்டால் கெடுக்கிரயம். இத்தனை வருடத்துக்குள் பணத்தைத் திருப்பினால் வீடு திரும்பும், கெடு தவறினால் போனது போனதுதான். 1929இல் வந்த சட்டத் திருத்தம் ஒன்று இதில் மிக முக்கியம். திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானமாகக் கொள்ளலாம் என்றது அது. நிபந்தனையைத் தனிக் காகிதத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு அடமானக்காரனின் பாதுகாப்பு கிடைக்காது. நெருக்கடியில் நிற்பவன் எந்தக் காகிதத்தில் எது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டா இருப்பான்? அப்படிப் போன வீடுகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

நத்தத்துக்குக் காகிதம் வந்தது நத்தம் நிலவரித் திட்டத்தால். எங்களுக்கு அது 1990களின் கதை. வீட்டுமனைகள் அளக்கப்பட்டு, எண் கிடைத்து, தோராயப் பட்டா கைக்கு வந்தது. அண்ணன் தம்பிகளில் ஒருவர் பெயர் மட்டும் ஏறிய பட்டாக்கள் நிறைய வந்தன. சிங்கப்பூரில் இருந்தவர், திருச்சியில் வேலை பார்த்தவர் பெயரெல்லாம் விட்டுப்போயின. அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. விற்கும் வாரத்தில்தான் அது தெரியவருகிறது.

இந்தத் தொழிலில் என்னை மிகவும் உறுத்துவது அக்கா தங்கைகளின் கையெழுத்து. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்குச் சமபங்கு என்று 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளையும் பங்காளியாக்கித் தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களை அது சேர்க்கவில்லை. 2005இல் மத்திய சட்டம் அந்தத் தடையையும் எடுத்தது. ஆனால் கிரயத்துக்கு முந்தின நாள் பஸ் ஏறி வரும் தங்கைக்கு இவையெல்லாம் யாரும் சொல்வதில்லை. ஒரு புடவை, மத்தியானச் சாப்பாடு, விடுதலைப் பத்திரத்தில் கைரேகை, சாயங்கால பஸ். நான் எழுதும் விடுதலைப் பத்திரத்தை அந்தப் பெண்ணிடம் நிதானமாக வாசித்துக் காட்டாமல் விடுவதில்லை. “இதுல என் பங்கு எவ்வளவுங்க்கா?” என்று ஒருத்தி கேட்டுவிட்டால் அன்றைக்குக் கிரயம் நடக்காது. தள்ளிப் போகட்டும் என்றுதான் சொல்வேன்.

மற்ற ஏற்பாடுகள் சுலபம். வீட்டு வரி பாக்கி, மின்கட்டணம், வில்லங்கச் சான்று, உடைந்த ஓடு. பத்திரத்தில் கதவு, நிலை, மரவடை எல்லாம் சேர்த்து எழுதுவதால் அவற்றைக் கழற்றக் கூடாது. சாமி விளக்கும் அம்மி குழவியும் முந்தின நாளே போய்விடும். செட்டிநாட்டில் இதற்கு நேர்மாறாக, வீட்டையே பிரித்துத் தேக்குத் தூணையும் நிலையையும் காரைக்குடிக் கடைகளில் தனித்தனியாக விற்றார்கள். இங்கே அவ்வளவு மரம் யாரிடமும் இருந்ததில்லை.

எறையூரில் மனைக்கு விலை என்று பேச ஆரம்பித்ததே சர்க்கரை ஆலை வந்த பிறகுதான். 2022 இறுதியில் சிப்காட் தொழிற்பூங்கா திறந்து, காலணித் தொழிற்சாலை வருகிறது என்றதும் வெளியூர்க்காரர்களும் கேட்டு வருகிறார்கள். அவர்கள் ஊர்ப் பேச்சை நம்பமாட்டார்கள், காகிதத்தைத்தான் நம்புவார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் பொது அதிகார ஆவணத்துக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அது தபாலில் வரவே நாளாகும். ஒரு வாரக் கிரயம் என்பது அங்கேயே முடிந்துபோகும்.

ஆகவே இப்போது என்னிடம் வருகிறவர்களிடம், விற்கும் எண்ணமே இல்லாத காலத்திலேயே வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவில் அத்தனை பேரையும், பெண்களையும் சேர்த்து, ஏற்றச் சொல்கிறேன். கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் வேறொரு மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, இரண்டுக்குப் பதில் ஒன்று. அந்தச் சலுகைக்காகவே மனைவி பெயரில் எழுதச் சொல்லிப் புருஷன்மார் வருகிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், வாங்குபவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதும்போது அவளையும் எதிரே உட்காரவைத்துச் செக்குபந்தியை முழுதாக வாசித்துக் காட்டுகிறேன்.