நோயாளிக்காகப் பணம் கொடுப்பவர் யார்?
கெய்ரோ முதல் கீரிப்பாறை வரை ஒரு வரலாற்று நோக்கு

குமரி மாவட்டத்தின் வடபகுதியில், தோவாளை வட்டத்து மலைச்சாரலில் அமைந்த சிற்றூர் கீரிப்பாறை. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகச் செல்லும் சாலை, நாஞ்சில் நாட்டு வயல்களைக் கடந்து ரப்பர் மரங்களுக்கிடையே ஏறி இவ்வூரை அடைகிறது. அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள், அவற்றில் பால்வெட்டும் தொழிலாளர் குடியிருப்புகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் குடும்பங்கள், சுற்றிலும் தொன்றுதொட்டு வாழும் காணிமக்கள் என்று பல வரலாறுகள் இங்கே அருகருகே உள்ளன. விடியுமுன் பால்வெட்டச் செல்லும் ஒருவரைப் பாம்பு தீண்டினால், அவருடைய மருத்துவத்திற்கான செலவை யார் ஏற்பது?

இந்த வினாவுக்கு உலகம் ஆயிரம் ஆண்டுகளாகப் பல விடைகளைத் தந்துள்ளது. அவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டுமே கேட்கின்றனர். நாம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: நோயாளி எந்தத் தகுதியில் மருத்துவமனை வாயிலில் வந்து நிற்கிறார்? ஏழை என்றா, தொழிலாளி என்றா, சந்தா செலுத்தியவர் என்றா, குடிமகன் என்றா, அல்லது நோயாளி என்ற ஒன்று மட்டும் போதுமா? வெளியே நிறுத்தப்படுபவர் யார் என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாம் வினாவே.

மாரிஸ்தானும் வக்ஃபும்

இஸ்லாமிய நகரங்களில் மருத்துவமனையைப் பீமாரிஸ்தான் என்றும், சுருக்கமாக மாரிஸ்தான் என்றும் அழைத்தனர். நூருத்தீன் ஸன்கீ திமிஷ்கைக் கைப்பற்றிய கி.பி. 1154க்குப் பின் அந்நகரில் நிறுவிய மாரிஸ்தானை, 1184இல் அங்கு வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர் கண்டு வியந்தார். நோயாளிகளின் பெயர்களும், அவர்களுடைய மருந்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவும் அங்கே பதிவேட்டில் எழுதப்பட்டதை அவர் குறித்துள்ளார். ஆக, அங்கு நடந்த அறம் கணக்கு எழுதிச் செய்யப்பட்ட அறம்.

அதே மாரிஸ்தானின் மருந்தால் நலமடைந்த மம்லூக் தளபதி கலாவூன், தாம் ஆட்சிக்கு வந்தால் இதுபோன்ற ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. சுல்தானான பின், கி.பி. 1284இல் (ஹிஜ்ரி 683) கெய்ரோவில் அவர் கட்டியதே புகழ்பெற்ற மன்சூரி மாரிஸ்தான். சந்தைக்கடைகள், சத்திரங்கள் முதலியவற்றின் வாடகை வருவாய் அதற்கு வக்ஃபாக எழுதிவைக்கப்பட்டது. ஆணும் பெண்ணும், செல்வரும் வறியவரும், உள்ளூராரும் வெளியூராரும் குணமாகும்வரை அங்கே தங்கலாம். செலவு முழுவதும் நிறுவனத்தையே சாரும் என்பது வக்ஃபு ஏற்பாட்டின் சாரம். நோயாளி தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தேவையே தகுதியாயிற்று.

வக்ஃபின் வலிமை அதன் நிலைத்தன்மை. எழுதிவைத்த சொத்தை விற்க முடியாது. வழங்கியவரின் நிபந்தனையை மீற நிர்வாகிக்கு உரிமையில்லை. ஆயினும் இவ்வலிமையே அதன் எல்லையுமாகும். ஒரு நகரில் மாரிஸ்தான் எழுந்தது செல்வர் ஒருவரின் மனத்தைப் பொறுத்தது. தொலைதூரக் கிராமத்திற்கு அது எட்டவில்லை. கடைகள் பாழடைந்தால் வாடகை குறையும். நிர்வாகி நேர்மை தவறினால் மருந்து குறையும். 1798இல் பிரெஞ்சுப் படை கெய்ரோவில் நுழைந்தபோது, மன்சூரி மாரிஸ்தான் தன் பழைய சிறப்பை இழந்து நலிந்திருந்தது.

நம் பகுதியிலும் நவீன மருத்துவம் முதலில் அறக்கொடையாகவே வேரூன்றியது. லண்டன் மிஷன் சங்கம் 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. கொடை வழங்குவோர் வேறு சமயத்தவராயினும், எங்கோ இருப்பவர் தந்த பொருள் இங்கே முன்பின் அறியாத நோயாளிக்குப் பயன்பட்டது என்ற வகையில் இவ்விரண்டுக்கும் உறவுண்டு.

தொழிலாளி என்னும் தகுதி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகளும் தோட்டங்களும் பெருகியபோது புதியதொரு தகுதி தோன்றியது. 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டத்தின்படி, சந்தாவில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். நோயுற்ற தொழிலாளி மருத்துவத்தை இரந்து பெறவில்லை. முன்கூட்டிச் செலுத்தியதன் பயனாகவே பெற்றார். இது பெரும் மாற்றம். நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் (ஈ.எஸ்.ஐ.) இவ்வழியில் வந்ததே.

இதற்குச் சற்று முன்னரே, 1872இல், பிரித்தானிய இலங்கையில் வேறொரு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குச் சென்றோர் வழியிலும் லயங்களிலும் பெருந்தொகையாக இறந்தனர். அவர்களுக்கென மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. செலவு தோட்ட உடைமையாளர்மீது சுமத்தப்பட்டது. உழைப்பாளி இறந்தால் உற்பத்தி நிற்கும் என்ற கணக்கு இதில் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கா இத்தகுதியைப் பெரிய அளவில் கைக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு ஊதிய உயர்வுக்குத் தடை விதித்தபோது, நிறுவனங்கள் ஆட்களை ஈர்க்க மருத்துவக் காப்பீட்டை வழங்கின. போர் முடிந்த பின்னும் அப்பழக்கம் நிலைத்தது. வேலையற்ற முதியோரும் ஏழைகளும் விடுபட்டதால், 1965இல் அவர்களுக்காக மெடிகேர், மெடிகெய்டு என்ற இரு திட்டங்களை அரசு தனியே தொடங்க நேர்ந்தது. வேலையோடு கட்டப்பட்ட மருத்துவத்தின் குறை இதில் தெளிவாகத் தெரிகிறது: வேலை போனால் உரிமையும் போகும். முதுமையிலும் நீண்ட நோயிலும்தான் மனிதன் வேலையை இழக்கிறான். மருத்துவம் அவனுக்கு மிகுதியாகத் தேவைப்படுவதும் அப்போதுதான்.

1951: மூன்று தலைநகரங்கள்

1951ஆம் ஆண்டில் மூன்று நாடுகள் எடுத்த முடிவுகளை அருகருகே வைத்து நோக்குவது பயன்தரும்.

பிரிட்டன் 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவப் பணியைத் தொடங்கியது. வரிப்பணமே அதன் முதன்மை ஆதாரம்; மருத்துவமனையில் கட்டணமில்லை. அதனை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன், வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரான டிரெடீகரில் தொழிலாளர் சந்தா சேர்த்து நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தை அறிந்து வளர்ந்தவர். அந்த ஊர்ச் சங்கத்தின் பயன் நாடு முழுவதற்கும் விரிந்தது எனலாம். ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1951இல், பற்கட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தது. பெவன் பதவி விலகினார்.

அதே ஆண்டில் கொழும்பு எதிர்த்திசையில் நடந்தது. 1931இல் அனைவருக்கும் வாக்குரிமை பெற்று, 1934-35இல் மலேரியாவுக்குச் சுமார் 80,000 உயிர்களைப் பலிகொடுத்த இலங்கை, கிராமங்கள்தோறும் மருத்துவ நிலையங்களைப் பெருக்கியிருந்தது. 1951இல் அரசு மருத்துவமனைக் கட்டணத்தை அது நீக்கியது. 1971இல் சிறு கட்டணம் திரும்ப வந்தது. 1977இல் அதுவும் நீங்கியது. செல்வம் மிகுந்த நாடுதான் இலவச மருத்துவம் தரமுடியும் என்ற வாதத்திற்கு இலங்கை ஒரு மறுமொழி.

எனினும் அம்மறுமொழியில் ஒரு விரிசல் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரசு மருத்துவமனைகளின் கதவு அவர்களுக்குச் சட்டப்படி அடைக்கப்படவில்லை. ஆயினும் தோட்ட மருத்துவம் என்ற தனி ஏற்பாட்டுக்குள்ளேயே அவர்கள் நெடுங்காலம் நிறுத்தப்பட்டனர். அம்மருத்துவமனைகள் அரசின் பொறுப்புக்கு மாறத் தொடங்கியது 1990களில்தான். மற்றவர் குடிமக்களாக மருத்துவம் பெற்ற நாட்டில், இவர்கள் தொழிலாளிகளாக மட்டுமே அதைப் பெற்றனர்.

மூன்றாவது முடிவு புதுடில்லியில் எடுக்கப்பட்டது. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, பணமின்மையால் எவருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக்கூடாது என்பதை அடிப்படையாக வைத்தது. அதை முழுமையாக நிறைவேற்ற இந்தியாவால் இயலவில்லை. ஆனால் 1951இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் அவர் குடும்பத்திற்கும் மருத்துவ வசதி செய்துதரும் கடமையைத் தோட்ட உடைமையாளர்மீது வைத்தது. அப்போது கீரிப்பாறை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது.

கீரிப்பாறையில் கூடிய வழிகள்

1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தோரில் ஒரு பகுதியினருக்குக் குமரி மலைகளின் அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. வனத்துறை வளர்த்த அத்தோட்டங்களை 1984இல் அமைக்கப்பட்ட அரசு ரப்பர் கழகம் ஏற்றது. இங்கே ஒரு நுட்பத்தைக் காண்கிறோம். தோட்டத்தின் உடைமையாளர் அரசே. ஆகவே முதலாளியின் கடமையும் அரசின் கடமையும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இலங்கையில் தொழிலாளியாக மட்டும் எண்ணப்பட்டவர் இங்கே குடிமகனாக வந்தார். ஆயினும் மருத்துவத்தைச் சட்டம் அவருக்கு முதலில் தொழிலாளி என்ற தகுதியிலேயே தந்தது. பணி ஓய்வு பெறும் நாளில் அத்தகுதி முடிகிறது. அதே காட்டில் வாழும், தோட்டத்தில் வேலை செய்யாத காணிக்காரருக்கு அது தொடக்கத்திலேயே இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பவே பிற ஏற்பாடுகள் வந்தன. வரிப்பணத்தில் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையமும், 2001இல் ஆசாரிப்பள்ளத்தில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் எவரிடமும் வேலைச் சான்று கேட்பதில்லை. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையை நிலைநாட்டியது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதற்கு மாற்றாக 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன; பின்னது 2018இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இவற்றில் தகுதி குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. பெரிய அறுவை சிகிச்சைக்கு இவை பேருதவி. ஆனால் அன்றாடக் காய்ச்சலுக்கும், தொடர்ந்து உண்ணும் மாத்திரைக்கும், மலையிறங்கும் வண்டி வாடகைக்கும் இவை விடையாகா. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடு, 2021-22இல் 39.4 விழுக்காடு. குறைந்திருப்பது உண்மை. ஆயினும் ஐந்தில் ஏறத்தாழ இரு பங்கு நோயாளியின் குடும்பமே சுமந்தது.

1951ஆம் ஆண்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் அடக்கப்பட்டது. தோட்ட உடைமையாளர் தாமே மருத்துவ வசதி தருவதற்கு மாற்றாக, ஈ.எஸ்.ஐ. காப்பீட்டின்கீழ் வருவதற்கும் அத்தொகுப்புகள் இடமளிக்கின்றன. காகிதத்தில் இது விரிந்த உரிமையாகத் தோன்றலாம். ஆனால் மலைமேல் இருக்கும் ஒரு சிறு மருந்தகத்துக்கு ஈடாக, நகரத்தில் இருக்கும் மருத்துவமனைக்குரிய அட்டை ஒன்று கிடைக்குமானால், பாம்பு தீண்டியவருக்கு அது இழப்பே. உரிமை எழுதப்படும்போது, அதற்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள தூரமும் சேர்த்து எண்ணப்பட வேண்டும்.

வக்ஃபு தேவையைத் தகுதியாக்கியது. ஆனால் நகர வாயிலைத் தாண்டவில்லை. காப்பீடு செலுத்தியவரைக் காத்தது. செலுத்த இயலாதவரை விட்டது. தோட்டச் சட்டம் மலைவரை ஏறியது. ஆனால் வேலை முடிந்த நாளில் நின்றது. வரிப்பணம் இவை எல்லாவற்றிலும் அகன்றது. குடிமகன் என்ற சொல்லிலிருந்து ஒரு மக்களை நீக்கினால் அதுவும் குறுகும் என்பதை இலங்கை காட்டியது. ஆகவே எந்தத் திட்டத்தையும் அதன் காப்பீட்டுத் தொகையால் மட்டும் அளக்கலாகாது. கீரிப்பாறையில் ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளியும் காட்டினுள் வாழும் காணிப் பெண்ணும் எந்தச் சான்றும் காட்டாமல், எட்டும் தூரத்தில், உரிய நேரத்தில் மருந்து பெறுகிறார்களா என்பதே அதற்குரிய அளவுகோல். எழுநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் ஒரு வக்ஃபு ஏற்பாடு செல்வரையும் வறியவரையும், உள்ளூராரையும் வெளியூராரையும் ஒரே வரிசையில் வைத்தது. அந்த வரிசையை மலையூர் வரை நீட்டும் பணி இன்னும் முடியவில்லை.