மீன் பண்ணைக் கழிவுப் படிவுக் கணிப்பு

மிதவைக் கூண்டுகளில் வளரும் மீன்களின் எச்சமும் தின்னாமல் விழும் தீவனமும் நீரடியில் எங்கே, எவ்வளவு படியும் என்று முன்கூட்டியே கணக்கிடும் முறை. பண்ணைக்கு இடம் தேர்வு செய்யவும் உரிமம் வழங்கவும் உதவுகிறது.

வரலாறு: சால்மன் வளர்ப்பு பெருகிய ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் இத்துறை உருப்பெற்றது. 1980களில் கோவனும் உடன் ஆய்வாளர்களும் கையாண்ட வாய்பாடு இன்றும் அடிப்படை. நீரின் ஆழத்தை நீரோட்ட வேகத்தால் பெருக்கி, துகள் அமிழும் வேகத்தால் வகுத்தால் கழிவு விழும் தொலைவு கிடைக்கும். ஆழம் 10 மீட்டர், நீரோட்டம் வினாடிக்கு 10 செ.மீ. என்று கொள்வோம். வினாடிக்கு 3 செ.மீ. அமிழும் எச்சம் ஏறத்தாழ 33 மீட்டர் தள்ளி விழும், 10 செ.மீ. அமிழும் தீவனக் குருணை 10 மீட்டரிலேயே தங்கிவிடும். இதற்குக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை. 1997இல் கணிப்பையும் கண்காணிப்பையும் இணைக்கும் நார்வேயின் ‘மோம்’ முறை வெளியானது. 2002இல் குரோமி, நிக்கல், பிளாக் ஆகியோர் வெளியிட்ட ‘டெபோமாட்’ என்ற கணினி மாதிரி, துகள்களின் தடத்தைத் தொடர்ந்து, அடிமட்ட உயிரினங்கள் படும் பாதிப்பையும் கணித்தது. பிலிப்பைன்ஸ் பால்மீன் கூண்டுகளுக்காக அதன் வெப்பமண்டல வடிவம் ‘ட்ரோபோமாட்’ வந்தது.

வகைகள்: (1) வாய்பாட்டு முறை; (2) துகள் தட முறை; (3) நீர்நிலை முழுவதற்குமான தாங்குதிறன் முறை. முதலாவது எவருக்கும் எட்டுவது, தொடக்கநிலைத் தேர்வுக்குப் போதுமானது. இரண்டாவதற்குத் தொடர்ச்சியான நீரோட்ட அளவீடுகள் தேவை. மூன்றாவது, நீர்நிலை எவ்வளவு கழிவைத் தாங்கும் என்று பார்க்கிறது.

திருவள்ளூர் மாவட்டம்: பழவேற்காடு ஏரி ஆழமற்றது. ஒரு மீட்டர் ஆழத்தில் அதே நீரோட்டம் எச்சத்தை 3 மீட்டர்தான் நகர்த்தும்; கூண்டடியிலேயே குவியும். காற்றலை சேற்றைக் கலக்கினால் இக்கணக்கும் பொய்க்கும். மேலும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் பெருகியவை கூண்டுகள் அல்ல, கரையோர இறால் குட்டைகள். அவற்றின் கழிவு வாய்க்கால் வழியே வருகிறது. முகத்துவாரத்தை மணல் மூடும் மாதங்களில் அது வெளியேற வழியில்லை. ஆகவே இங்கே பொருந்துவது மூன்றாம் வகையே. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய தாங்குதிறன் மென்பொருளை உருவாக்கியுள்ளது. அருகிலுள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைக் கழிவு இக்கணிப்புகளில் சேராது.

சட்டம்: 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகளைத் தடுத்தது, மரபுவழி வளர்ப்புக்கு விலக்களித்தது. கணிப்பின் இடத்தைத் தொலைவு வரையறை பிடித்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2023 திருத்தம் கூண்டு வளர்ப்பையும் அதன் வரம்புக்குள் சேர்த்தது.