மாரியம்மனும் காலை மழையும்



போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் கோயில் வாசல்ல மழைக்கு ஒதுங்கி நின்னோம். ஒரு பாட்டி வானத்தைப் பார்த்து, "இன்னைக்குப் பால் போச்சு"ன்னு சொன்னாங்க. அவங்க பால்வெட்டுக் கத்தியைக் கீழே வெச்சுப் பல வருஷம் ஆச்சு. சுத்தி இப்போ செம்பனைதான். ஆனாலும் வாய் தானா சொல்லுது.

மாரி என்றால் மழை. சேலம், திருச்சி, வட ஆற்காடு என்று வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்கள் நம் முன்னோர்களில் பலர். அங்கே அம்மனிடம் கேட்ட முதல் வரமே மழைதான். அவளைத்தான் இங்கேயும் கொண்டு வந்தார்கள். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகள் முப்பது வருஷத்தில் மலாயா மலைச்சரிவை எல்லாம் தோட்டமாக்கின. ஆள் தேவைப்பட்டது, கங்காணிகள் ஊர் ஊராகப் போய் அழைத்து வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடுக்கும் வரை அது நடந்தது.

இங்கே மழைக்குக் குறைவில்லை. ஆனால் பால்மரத்துக்கு விடியற்காலை மழை ஆகாது. வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக இறங்கும். பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டை விட்டுப் பால் மரமெல்லாம் வழியும்; மங்கில் விழுந்ததும் தண்ணியாப் போகும். மழை பிடிச்சா வெட்டு இல்லை, வெட்டு இல்லைன்னா அன்றைய சம்பளமும் இல்லை. மழைக்காகவே கும்பிட்ட தெய்வத்திடம், "தாயே, காலையில மட்டும் வேணாம்"னு கேட்கிற நிலைமை!

நம்ம கோலா பிலாவில் இன்னொன்றும் உண்டு. மூவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மலாய்க் குடும்பங்களின் நெல்வயல், மேட்டில் தோட்டம். லயன் வீட்டில் அடுப்பை அணைத்த அதே மழை, கீழே வயலை நிரப்பியது. கீழே அடாட் பெர்ப்பாத்தே வழக்கப்படி பூர்வீக நிலம் தாய்வழியில் பெண்களுக்குப் போகிறது. மேலே, தலைமுறை தலைமுறையாக வெட்டிய நம் பெண்களுக்கு ஒரு மரம்கூடச் சொந்தமில்லை.

தொல்காப்பியம் நிலத்தைப் பாடும்போது தெய்வம், மரம், பறை, தொழில் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. அப்படிப் பார்த்தால் தோட்டமும் ஒரு திணைதானே? மரம் பால்மரம், பொழுது வைகறை, தொழில் பால்வெட்டு, பறை தப்பு, தெய்வம் மாரியம்மன். முரசு நெடுமாறன் தொகுத்து 1997-இல் வந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' நம் நூறாண்டுக் கவிதையைக் காப்பாற்றித் தந்தது. ஆனால் நிரையில் பாட்டிமார் பாடியது பலதும் ஏட்டில் ஏறவே இல்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் பட்டணம் போனார்கள். லயன்களும் போய்க்கொண்டிருக்கின்றன. நிலப்பட்டா நம் கையில் இல்லை. அந்தப் பாட்டுகள்தான் நம் பட்டா.

அதனால ஒரு வேண்டுகோள். வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுப் பெரியவங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க. பாட்டு, நிரையின் பேரு, ஆத்தங்கரை மரத்தின் பேரு, எது ஞாபகம் இருந்தாலும் சொல்லட்டும். நாங்க கைப்பேசியில் பதிவு பண்ணி வைக்கிறோம். மழை பெய்தாலும் வாங்க. இப்போ யாருக்கும் சம்பளம் போகாது.

அம்மன் துணை. 🙏